பச்சை டிக்

மணி இரண்டு நாற்பது. உதவி மையத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர் உள்ளே வந்தபோது, டிக் அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று சுவரில் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த பருவத்து முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அம்பு. பசை நாடா ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் உரிந்துகொண்டு வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் இருக்குமா? மூணு இருபதுக்கு வண்டியை எடுக்கணும்."

சீருடையில்தான் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனை நீட்டினார். முகத்தில் கவலை என்று சொல்ல முடியாது. கரண்ட் பில் அடுத்த வீட்டுக்காரன் பெயருக்கு மாறி வந்தால் ஒருவர் எப்படி வருவாரோ, அப்படி வந்திருந்தார். திரையில் ஒரு குறுஞ்செய்தி. 'சமூகவியல் அறிமுகம் பாடத்தில் தாங்கள் எந்த ஒப்படைப்பும் செய்யாததால் தங்கள் பதிவு ரத்து செய்யப்படுகிறது. மேல்முறையீடு செய்ய இறுதி நேரம்: வெள்ளி மாலை 5.00.'

"வெள்ளின்னா இன்னிக்குத்தானே?" என்றார் டிரைவர். "மத்தியானம்தான் வந்துச்சு. யாரோ ஆளை மாத்தி அனுப்பிட்டாங்க போல. ஒன்பது வாரமும் அனுப்பியிருக்கேன். உங்களுக்குத்தான் தெரியுமே மேடம்!"

உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த இரண்டு சொற்களும் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் அவளுடைய முதுகில் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டன.

அவளுக்கு டிக் அக்கா என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். ஒவ்வொரு பருவமும் முன்னூறு முதலாண்டுப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்து, பாஸ்வேர்டு போடுவதிலிருந்து அசைன்மென்ட் ஏற்றுவது வரை பழக்குவது அவளுடைய வேலை. பாதிப் பேர் பட்டனைக் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: "எதை அமுக்கினாலும் எதுவும் உடையாது. பச்சை டிக் வந்தா வந்தாச்சு. நிம்மதியாத் தூங்குங்க." கூட்டம் கடைசி வரிசை வரை இதைத் திருப்பிச் சொல்லும். அவளைப் பின்னாலிருந்து யாராவது கிண்டலாகக் கூப்பிட்டால்கூட "டிக் வந்தாச்சா அக்கா?" என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வயதில், இந்தப் பட்டப்பெயர் மட்டும்தான் யாரையும் கேட்காமல், எந்தப் படிவமும் நிரப்பாமல் அவளுக்குக் கிடைத்தது.

டிரைவரை அவளுக்கு இரண்டு விதமாகத் தெரியும். மாலை வகுப்பில் முதலாண்டு படிக்கிற நாற்பத்து மூன்று வயது மாணவர். அதற்கும் மேலே, தினமும் காலை எட்டுப் பத்துக்கு அவள் ஏறுகிற பஸ்ஸின் டிரைவர். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், அவளுடைய இடம்.

"உக்காருங்கண்ணே. பார்த்துடலாம்."

அவருடைய எண்ணைத் தட்டி வகுப்புப் பக்கத்தைத் திறந்தாள். வாரம் ஒன்று, சுழியம். வாரம் இரண்டு, சுழியம். ஒன்பதும் சுழியம். 'மாணவர் கடைசியாக உள்ளே வந்த நாள்' என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. வந்ததே இல்லை என்பதைக் கணினி அப்படித்தான் சொல்லும்.

"டிக் வந்துச்சாண்ணே, அனுப்பினப்போ?"

"வராம? எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வச்சிருக்கேனே." டிரைவர் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒன்பது படங்கள். ஒவ்வொன்றிலும் பளிச்சென்று ஒரு பச்சை டிக். அதன் கீழே ஒரு வரி: 'அருமை! உங்கள் படைப்பு வந்து சேர்ந்தது. இப்படியே தொடருங்கள்.' வரிக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு முகம். சிரிக்கிற முகம்.

அவளுடைய முகம்.

நிஜமான வகுப்புப் பக்கத்தில் பச்சை டிக்கே கிடையாது. அங்கே ஏற்றினால் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்தது போல 'பெறப்பட்டது' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பச்சை டிக்கும், 'அருமை'யும், வட்டத்துக்குள் சிரிப்பும் இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். அவள் கையாலேயே கட்டிய பயிற்சிக் களம்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு கூட்டத்தில் அவள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறாள். பயிற்சிக் களம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கக் கூடாது, நிஜம் மாதிரியே இருக்க வேண்டும் என்று. "நீச்சல் பழக வர்றவனுக்குத் தண்ணி வேணும் சார். தண்ணி படம் போட்ட பாய் வேண்டாம்!" கூட்டமே சிரித்துக் கைதட்டியது. அதே நிறம், அதே பெட்டிகள், வாரம் ஒன்று முதல் ஒன்பது வரை அதே தலைப்புகள். வித்தியாசம் தெரிவதற்கு உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பட்டை, 'இது பயிற்சி மட்டும்' என்று. பயந்த பிள்ளைகளின் மனம் குளிரட்டும் என்று பச்சை டிக்கையும் பாராட்டையும் தன் படத்தையும் அவளே சேர்த்தாள். அலுவலகத்தின் இரண்டு கணினியிலும் சோதித்துப் பார்த்தாள். பிரமாதமாக இருந்தது.

இப்போது டிரைவரின் போனை வாங்கிப் பார்த்தாள். போனின் ஒடுங்கின திரையில் ஆரஞ்சுப் பட்டை இல்லை. மடங்கி மேலே எங்கேயோ மறைந்து போயிருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கத்தை எப்படித் திறப்பீங்க?"

"இதோ, இதைத் தட்டுவேன்." முகப்பில் ஒரு சின்னச் சதுரம். "நீங்கதானே மேடம் மொத நாளு வச்சுக் குடுத்தீங்க? ஒரே தட்டுல திறக்கும்னு."

உண்மை. முதல் நாள் எல்லோருக்கும் பயிற்சிக் களத்தைத்தான் அப்படி வைத்துக் கொடுப்பாள். இரண்டாம் நாள் அதை எடுத்துவிட்டு நிஜத்தை வைக்கச் சொல்வாள்.

"ரெண்டாம் நாள் வந்தீங்களா?"

"அன்னிக்கு ஷிப்ட் மாத்திட்டாங்களே. மறுநாள் பஸ்ல உங்ககிட்ட கேட்டேனே, ஏதாச்சும் முக்கியமா விட்டுட்டேனான்னு. 'ஒண்ணும் இல்லண்ணே'ன்னீங்க."

அவளுக்கு அப்படியொரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை.

"என்ன மேடம், சரியாயிடும்ல?"

வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். "நீங்க வண்டியை எடுத்துட்டு வாங்கண்ணே. நான் பார்த்துக்கறேன். எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?"

"நாலே முக்கால் ஆயிடும். நீங்க இருக்கீங்கன்னா எனக்கு என்ன கவலை?" தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினவர், கதவருகில் நின்றார். "பொண்ணுகிட்டக்கூட இன்னும் சொல்லல மேடம். அவளுக்கு அடுத்த வருஷம் காலேஜு. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சு முடிப்போம்னு பந்தயம் கட்டியிருக்கோம்."

கதவு மூடியது. அம்புக்குறி முழுசாக உரிந்து கீழே விழுந்தது.

மணி மூன்று ஐந்து. அவளுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் டிரைவருக்குத் தெரியாது. பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக் களம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். புதுப் பிள்ளைகளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கட்டளையைப் போட்டு வைத்ததும் அவள்தான்.

அவசரமாகத் திறந்தாள். முன்னூறு பேர் முதல் வாரம் ஏற்றிவிட்டுப் போன குப்பைகள். வெற்றுக் காகிதம், பூனைப் படம், 'ஹாய்' என்று ஒரு வார்த்தை. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரே ஒரு பெயர்தான். யாரும் குடியில்லாத கட்டடத்தில் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிகிற மாதிரி, வாரா வாரம் திங்கட்கிழமை, டிரைவரின் பெயர்.

ஒவ்வொரு முறை யாராவது ஏற்றும்போதும் அவளுக்கு ஒரு மெயில் வரும். முதல் வாரமே முன்னூறு வந்ததில் எரிச்சலாகி, அவற்றை ஒதுக்கித் தள்ள ஒரு போல்டர் செய்திருந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'அப்புறம்'. திறந்தாள். படிக்காதவை: நானூற்றுப் பன்னிரண்டு. கடைசி எட்டும் அவருடையவை.

பாடத்தின் வேலை எளிமையானது. ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு பக்கம், கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். டிரைவர் தன் பஸ்ஸைத் தேர்ந்திருந்தார். பிரிண்ட் கொடுத்துக்கொண்டே அவள் படித்தாள். முதலில் தேதி சரிபார்க்கத்தான் கண்ணை ஓட்டினாள். மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சில்லறை இல்லை என்று சொல்கிறவர்கள் எந்தப் பையைத் தடவிக் காட்டுகிறார்கள் என்று ஒரு வாரம். ஒரே ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை என்று ஒரு வாரம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, 'ஆசிரியருக்குக் குறிப்பு' என்ற கட்டத்தில் இரண்டு வரி. 'மேடம், நீங்கள் அருமை என்று எழுதியதை மகளிடம் காட்டினேன். பத்தாம் வகுப்பில் என் கட்டுரையைக் கிழித்தார்கள். அதன் பிறகு நான் எழுதியதை யாரும் படித்ததில்லை.' அடுத்த வாரம்: 'எங்கே தவறு என்றும் சொல்லுங்கள். அருமை மட்டும் போதாது. ஆனால் அருமையும் வேண்டும்.'

அதற்குக் கீழே, பச்சை டிக். அருமை! இப்படியே தொடருங்கள்.

மணி மூன்று முப்பத்தைந்து. ஆறாவது பக்கம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்தது.

'மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் ஒரு பெண் உட்காருவார். பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார். எங்களுக்குக் கணினி சொல்லிக் கொடுத்தவர். நல்லவர். காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். ஒரு நாள் அதன் மறுமுனை போனில் செருகாமல் பைக்கு வெளியே தொங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாட்டு ஓடவில்லை. யாரும் பேசிவிடக் கூடாது என்று மாட்டியிருக்கிறார். நாள் முழுவதும் மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கு இது தேவைதான். ஒவ்வொரு செவ்வாயும் நான், நேற்று அனுப்பினேன், வந்ததா, சரியான இடத்தில்தான் போடுகிறேனா என்று கேட்பேன். வந்தது, சரியாகத்தான் இருக்கிறது என்பார். போன செவ்வாயும் சொன்னார். என்ன கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார் என்று தோன்றுகிறது. சிரித்துக்கொண்டே சொல்வதால், பிறகு சந்தேகப்பட மனம் வருவதில்லை.'

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்போது ஒன்றும் இல்லை.

படிக்கட்டில் ஏறும்போது ஒரு குரல் வரும். "மேடம், வந்துச்சுங்களா?" இவள் பாஸை எடுத்துக் காட்டியபடி, "வந்துச்சுண்ணே, வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே நகர்வாள். எது வந்தது? மழை வந்ததா, சம்பளம் வந்ததா, முந்தைய பஸ் வந்ததா? அவள் ஒரு முறைகூட யோசித்ததில்லை. டிரைவருக்கு ஒரு பதில், செக்யூரிட்டிக்கு ஒரு பதில், அம்மாவுக்கு ஒரு பதில். ஆமாம், சரி, பார்க்கலாம். இந்த மூன்றையும் வைத்தே அவள் பல வருடமாகக் காலையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது பக்கமும், தேதி நேரப் பட்டியலும் பிரிண்டாகிவிட்டன. அள்ளிக்கொண்டு மேலாளரின் அறைக்கு ஓடினாள்.

மேலாளருக்குச் சுற்றறிக்கை என்று பட்டப்பெயர். வீட்டில் மனைவியிடமும் அப்படித்தான் பேசுவார் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். ஆறாவது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"மேல்முறையீட்டுப் படிவத்துல காரணம் மூணுதான் இருக்கு, தெரியுமில்ல? மாணவர் தவறு. கணினிக் கோளாறு. பணியாளர் தந்த தவறான தகவல்."

"தெரியும் சார்."

"கணினி நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. ஆக, ரெண்டாவது அடிபட்டுப் போச்சு."

"ஆமா சார்."

"மாணவர் தவறுன்னு போட்டு, கூடவே கருணை மனு ஒண்ணு வைங்க. பெரிய மனசு பண்ணிக் கன்சிடர் பண்ணுவாங்க."

"பத்துல எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காங்க சார்?"

சுற்றறிக்கை விரலால் காகிதங்களைச் சீராக அடுக்கினார். "எட்டு வாரம் போதும், தேர்ச்சிக்கு. ஒன்பதும் வேணும்னு ஒண்ணும் இல்ல. ஆறாவது பக்கம் பிரிண்டர்ல சிக்கிக்கிச்சுன்னு வச்சுக்குவோமே?"

"அது ஒண்ணுதான் சார் ஆதாரம். தேதியோட இருக்கு. கேட்டேன், சரின்னாங்கன்னு எழுதியிருக்காரு. அது இருந்தா மூணாவது காரணம் செல்லும். இடம் கெடைச்சிடும்."

"செல்லும்மா. யார் இல்லைன்னது?" குரலைத் தாழ்த்தினார். "இது வரைக்கும் ஒருத்தரும் அந்த மூணாவதைத் தொட்டதில்ல. தொட்டா விசாரணை. பணியாளர் பேரு எழுதணும், பணியாளர் கையெழுத்துப் போடணும். உங்க காண்ட்ராக்ட் ஃபைல் செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வருது. அதை நான் தனியா வச்சுப் பார்க்க முடியாது. எனக்கு உங்களைப் பிடிக்கும். அதனாலதான் இவ்வளவு சொல்றேன்."

சுவர்க் கடிகாரத்தில் முள் நான்கைத் தாண்டியது. கீழே, யாரும் இல்லாத அவள் அறையில், பயிற்சிக் களம் சத்தமில்லாமல் தன்னைக் கழுவிக்கொண்டிருக்கும். பூனைப் படங்கள், ஹாய்கள், ஒன்பது திங்கட்கிழமைகள் எல்லாம் போயிருக்கும். உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த மேசை மேல் இருக்கிற காகிதம் மட்டும்தான். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் அதையும் யாரும் தேடப் போவதில்லை. அவளும் சுற்றறிக்கையும் வாய் திறக்காவிட்டால், அவள் என்றென்றைக்கும் சிரித்த முகத்தோடு வட்டத்துக்குள் இருக்கலாம்.

"யோசிச்சுட்டுச் சொல்றேன் சார்" என்றாள். காகிதங்களை எடுத்துக்கொண்டாள். ஒன்பதையும்.

தன் இடத்துக்கு வந்து, ஒன்பதையும் ஸ்கேன் செய்தாள். எட்டு ஒரு கோப்பு. ஆறாவது தனிக் கோப்பு. ஏன் தனியாகப் பிரித்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. படிவத்தைத் திறந்து காரணம் என்ற கட்டத்தைத் தொட்டாள். மூன்று வரிகள் கீழே விரிந்தன. மூடினாள். மறுபடி விரித்தாள். போன் அடித்தது. அம்மா. "என்னடி, நீட்டிச்சாச்சா காண்ட்ராக்ட்டு?" "பார்க்கலாம்மா." "பார்க்கலாம்னா?" "பார்க்கலாம்னா பார்க்கலாம்தான்" என்று வைத்துவிட்டாள். சரி, ஆமாம், பார்க்கலாம். தன் குரலையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாற்பத்து மூன்று. டிரைவர் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

"முடிஞ்சுதா மேடம்?"

"உக்காருங்கண்ணே."

"நின்னுக்கறேன்."

எப்படிச் சொல்வது என்று ஒன்றரை மணி நேரமாகக் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்து போயின. "நீங்க அனுப்பினது நிஜப் பெட்டிக்குப் போகலண்ணே. பழகறதுக்கு நான் செஞ்சு வச்சிருந்த இடத்துக்குப் போயிருக்கு. ஒன்பது வாரமும். வாத்தியார் எதையும் பார்க்கல."

"ஆனா நீங்க பார்த்தீங்களே? அருமைன்னு..."

"அது மிஷின்ணே. யார் எதைப் போட்டாலும் அந்த வரி வரும். பூனைப் படத்தைப் போட்டாலும் வரும். நான் ரெண்டு வருஷம் முன்னாடி எழுதி வச்சது."

டிரைவர் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தார். உள்பக்கத்தைப் பார்த்தார். "ஒன்பது தடவையுமா?"

"ஒன்பது தடவையும்."

"அப்போ யாருமே படிக்கல."

"இன்னிக்கு நான் படிச்சேன்."

"ஆறாவது?"

"படிச்சேன்."

வெளியே காரிடாரில் பிள்ளைகள் யாரோ பெரிதாகச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க படிப்பீங்கன்னு நெனச்சுத்தான் மேடம் அதை எழுதினேன்" என்றார். "நேரா சொன்னா நல்லா இருக்காதில்ல? எழுத்துல சொன்னா ஒரு நாள் காதுலேருந்து கழட்டிட்டு, என்னண்ணே கேட்டீங்கன்னு கேப்பீங்கன்னு பார்த்தேன். அடுத்த நிமிஷமே அருமைன்னு வந்துச்சு. மறுநாள் அப்படியே மாட்டிக்கிட்டு ஏறினீங்க. சரி, பெரிய படிப்பு படிச்சவங்க இதையெல்லாம் இப்படித்தான் எடுத்துக்குவாங்க போலன்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்கிற வார்த்தை ஒன்று இருந்தது. ஆனால் அதுவும் அந்தப் பச்சை டிக் மாதிரி, அழுத்தினால் தானாக வருகிற வார்த்தையாகவே அப்போது தோன்றியது. படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். மூன்று காரணங்களையும், சுற்றறிக்கை சொன்னதையும், ஒளிக்காமல் சொன்னாள். மணி நான்கு ஐம்பத்தொன்று.

"அந்த ஆறாவதை வச்சா உங்களுக்கு என்னாகும்?"

"தெரியலண்ணே. விசாரணை வைப்பாங்க."

"வைக்காட்டி எனக்கு?"

"அநேகமா இடம் போயிடும்."

அவர் 'பரவாயில்ல மேடம்' என்று சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்தாளோ? எதிர்பார்த்திருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபோது நெஞ்சுக்குள் அப்படி ஒன்று நழுவியிருக்காது.

"அப்போ வைங்க" என்றார் டிரைவர். கோபமில்லை. நிறுத்தம் வந்ததும் கதவைத் திறக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணத்தை அழுத்தினாள். பணியாளர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். டிக் அக்கா இல்லை, சான்றிதழில் இருக்கிற முழுப் பெயர். தகவல் தந்த நாள் என்ற கட்டத்தில் ஒரு தேதிக்குத்தான் இடம் இருந்தது. ஒன்பது செவ்வாயையும் அதற்குள் நெருக்கி அடைத்தாள். ஆறாவது பக்கத்தின் கோப்பை எட்டின் பக்கத்தில் வைத்தாள். கடைசி பட்டனை மாணவர்தான் அழுத்த வேண்டும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். ஓர் எழுத்து தப்பி, அழித்து, மறுபடி தட்டினார். ஐம்பத்தேழு. விரல் பட்டனுக்கு மேல் நின்றது.

"இது நிஜப் பெட்டிதானே மேடம்?"

'ஆமாண்ணே' என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். குனிந்து திரையின் உச்சியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முகவரி, பாட எண், அவர் பெயர், பருவம். மறுபடி ஒரு தடவை மேலிருந்து. முள் ஐம்பத்தெட்டைத் தொட்டது. டிரைவர் அவசரப்படுத்தவில்லை.

"நிஜம்தான். அமுக்குங்க."

அமுக்கினார். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி. பெறப்பட்டது. டிக் இல்லை, பாராட்டு இல்லை, முகம் இல்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பழக்கத்தில் போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடித்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார்.

"எப்போ தெரியும்?"

"அதை அவங்க சொல்லல."

அவர் தலையாட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டுப் பத்து. பதினேழாம் நம்பர் பஸ் வந்து நின்றது. அவள் இயர்போனைப் பைக்குள் அடிவரை தள்ளியிருந்தாள். காதில் காற்று படுவது அந்நியமாக இருந்தது. ஏறும்போது டிரைவர் அவளைப் பார்த்தார். பாஸைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது வரிசை. பஸ்ஸுக்குள் இவ்வளவு பேர் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ வீட்டுச் சாவியைத் தேடினார்கள். யாரோ போனில், டாக்டர் என்ன சொன்னார் என்பதை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒரு பெண் ஏறி, "இது ஸ்டேஷன் போகுமா?" என்று கேட்டாள். "போகும்மா. ஆறாவது ஸ்டாப்பு." இரண்டு நிறுத்தம் கழித்து அதே பெண் எழுந்து வந்து அதையே கேட்டாள். "இன்னும் நாலும்மா. நான் சொல்றேன், நீங்க உக்காருங்க" என்றார் டிரைவர். கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. அவை அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

பல்கலைக்கழக நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆளாக முன்வாசலுக்கு வந்தாள். நாளைக்கு அவளுடைய ஃபைல் சுற்றறிக்கையின் மேசைக்கு வரும். மேல்முறையீட்டு முடிவு வந்ததா என்று வகுப்புப் பக்கத்தை இன்று விடியற்காலையிலிருந்து நான்கு முறை திறந்து பார்த்தாயிற்று.

"இன்னும் வரலண்ணே" என்றாள், யாரும் கேட்காமலே.

டிரைவர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அப்புறம் இன்னொன்று. அவர் கை கதவின் பட்டன் மேலேயே இருந்தது. அவள் கீழே இறங்கி நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தபோதும் அவர் அதை அழுத்தவில்லை. ஹாரன்களுக்கு நடுவே, கதவு திறந்தபடி, பஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தது.